தவசி கட்டிய துப்பாக்கி அறை

தவசி தன் வீட்டில் துப்பாக்கிக்கென்று தனியாக ஓர் அறை கட்டி, அதன் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவியைத் தன் அரைஞாண் கயிற்றிலும் இன்னொன்றைத் தன் மனைவி ராக்கம்மாவின் தாலிக்கயிற்று ஊக்கிலும் கோத்துவிட்டுப் படுத்து எழுந்த மறுநாள் காலையில், போட்ட பூட்டு போட்டபடியே இருக்க, அறைக்குள் ஒரு காட்டுப்பன்றி படுத்திருந்தது. தரையைக் கூட்டலாமென்று புருசனின் சாவியையும் வாங்கித் திறந்த ராக்கம்மாதான் முதலில் பார்த்தாள். வாயோரத்துக் கொம்பு ஒன்று உடைந்த கிழட்டுப் பன்றி. தரையில் விரித்திருந்த கம்பளியின் மேல் முன்னங்கால்களை நீட்டி, கண்ணைத் திறந்துகொண்டு, வீட்டு மாடு படுத்திருப்பதைப் போல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

“உள்ள ஒரு பன்னி படுத்திருக்கு,” என்றாள் புருசனிடம். “இப்பவே காப்பி போடவா, பாத்துட்டு வந்து குடிக்கிறீங்களா?”

“பாத்துட்டு வந்துர்றேன்,” என்றான் தவசி.

எங்கள் ஊர் மஞ்சடைப்பட்டி. வத்தலக்குண்டில் ஏறினால் பஸ் மலையைச் சுற்றிச் சுற்றி, வழியில் இரண்டு பேருக்காவது வாந்தி வரவழைத்துத்தான் மேலே கொண்டுவந்து சேர்க்கும். மலைவாழையும் காப்பியும் அவரையும்தான் பிழைப்பு. சாயங்காலமானால் பள்ளத்திலிருந்து மஞ்சு எழும்பி வந்து ஊரை மூடிவிடும். கையை நீட்டினால் கை தெரியாது, பக்கத்தில் நிற்பது பெண்டாட்டியா அடுத்த வீட்டுக்காரியா என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பூட்டிய அறைக்குள் ஒரு பன்றி வந்து படுத்ததற்காக யாரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை நாள் இருக்கும், என்ன தின்னும் என்றுதான் கேட்டார்கள்.

அந்தத் துப்பாக்கி தவசியின் தாத்தா காலத்து ஒற்றைக்குழல். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய்நாரை வைத்து இடித்துக் கெட்டித்து, ஈயக்குண்டைப் போட்டுச் சுடுகிற வகை. விவசாயப் பயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்கென்று அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்து, தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து தவசிக்கும் வந்த சொத்து. அதுவரை அது நடுவீட்டு உத்தரத்தில் இரண்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயுத பூசைக்கு இறக்கிச் சந்தனம் வைப்பார்கள், மற்ற நாளில் அதன் மேல் துண்டு காயப்போடுவார்கள். கூடலிங்கம் செத்து, வழக்கு நடந்து, அது விபத்து என்று முடிந்து, துப்பாக்கி ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தபோதுதான் இனிமேல் அதைத் தனி அறையில் பூட்டி வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தனி அறை என்றால் ஓர் இரும்பு அலமாரி போதும். தவசி அப்படிச் செய்யவில்லை. தானியம் போட்டு வைத்திருந்த பின்கட்டு அறையை இடித்துவிட்டு, சவரிமுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டு, பத்துக்குப் பத்தில் சுவரை மற்ற வீட்டுச் சுவரைப் போல இரண்டு பங்கு கனமாக எழுப்பச் சொன்னான். ஜன்னல் கிடையாது, கூரையை ஒட்டிக் கம்பி போட்ட ஒரு வெளிச்சச் சந்து மட்டும். வேங்கை மரத்தில் கதவு. மலை ஈரம் இரும்பைத் தின்றுவிடாதபடி சுவரை உள்பக்கம் பலகையால் மூடி, பகலும் இரவும் எரிகிற ஒரு குண்டு பல்பு. துப்பாக்கி நிற்பதற்குச் சுவரோடு முடுக்கிய ஒரு தாங்கி, அதற்குப் பழைய கம்பளியைக் கிழித்து மெத்தை, விசை வளையத்தின் வழியாக ஒரு சங்கிலி. மருந்துக்கும் குண்டுக்கும் வீட்டுக்கு வெளியே தனிப் பொந்து. சிமெண்டுத் தரை காலுக்குக் குளிருமென்று சிவப்புச் சாயத்தரை போட்டு மெழுகேற்றி, அதன் மேல் கம்பளி விரித்து, சுவரோரமாக ஒரு நீள பெஞ்சும் போட்டு, பெஞ்சுக்கு இலவம்பஞ்சு மெத்தையும் தைத்துப் போட்டான்.

“ஏப்பா தவசி, துப்பாக்கிக்குக் கட்டுறியா, புதுப்பொண்ணுக்குக் கட்டுறியா?” என்று கேட்டார் சவரிமுத்து.

“அது இனிமே வெளிய வரக்கூடாதுண்ணே,” என்றான் தவசி. “உள்ள இருக்கிறதுக்கு ஒரு கொறையும் வச்சிரக்கூடாது.”

சவரிமுத்து அதற்கு மேல் கேலி பண்ணவில்லை. கூடலிங்கம் செத்ததிலிருந்து தவசி சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

கூடலிங்கம் வேறு யாருமில்லை. தவசியின் சித்தப்பா மகள் சீனித்தாயின் புருசன். கூடப்பிறந்தவன் இல்லாத சீனித்தாய்க்கு அண்ணன் என்றால் தவசிதான். மாப்பிள்ளை பார்த்ததும் அவன்தான், கல்யாணத்தில் தண்ணீர்ச் செம்பு எடுத்ததும் அவன்தான். தை மாதத்தில் ஒரு நாள், பொழுது சாய்ந்து மஞ்சு இறங்குகிற நேரம், தவசி தன் வாழைத் தோட்டத்து ஓரத்தில் காவலுக்கு நின்றிருந்தான். அந்த வருசம் பன்றிகள் அவன் தோட்டத்தில் பாதியை உழுதுபோட்டிருந்தன. வாய்க்கால் கரையில் ஏதோ குனிந்து அசைந்தது. அவன் சுட்டான். போய்ப் பார்த்தால், குளிருக்குச் சாக்கை மடித்துத் தலையோடு முதுகை மூடிக் கொங்காணி போட்டுக்கொண்டு கூடலிங்கம் கிடந்தான். தவசி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். ரோட்டை எட்டும்போது தோளில் உயிர் இல்லை.

இதில் ஒன்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் மஞ்சுக்குள் யாராவது கூப்பிட்டால் முதல் சத்தத்துக்கு ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். முதலில் கூப்பிடுவது மஞ்சு. அதற்குப் பதில் சொன்னவன் வீடு வந்து சேர மாட்டான் என்று பேசத் தெரியாத பிள்ளைக்கே சொல்லி வளர்ப்போம். இரண்டாவது சத்தத்துக்கும் பேச மாட்டார்கள். அது எதிர்ப்பாறை திருப்பிச் சொன்னதாக இருக்கலாம். மூன்றாவதாக வருகிற சத்தம்தான் மனிதன் போடுகிற சத்தம், அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதனால் துப்பாக்கியோடு போகிறவன் “யாரது, ஆளா?” என்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் குதிரையை இழுக்கலாம். குதிரை என்றால் துப்பாக்கியின் முதுகில் மருந்தைத் தட்டிக் கொளுத்துகிற சின்னச் சுத்தியல். அதுவும் ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது என்பதால்தான் அந்தப் பெயரோ என்னவோ. மூன்று சத்தத்துக்கும் பதில் இல்லையென்றால் அங்கே நிற்பது மிருகம். மிருகமில்லாமல் ஆளாக இருந்தால், அவன் திருடன்.

“மூணு தடவை கூப்பிட்டேன்யா. பதில் வரலை,” என்று தவசி இன்ஸ்பெக்டரிடம் சொன்னான். கீழே பிறந்து வளர்ந்த இன்ஸ்பெக்டருக்கு அது வெறும் பேச்சு. கூட நின்ற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தீர்ப்பு. மூன்றாவது சத்தத்துக்கும் வாயை மூடிக்கொண்டு கூடலிங்கம் அடுத்தவன் வாழைத் தோட்டத்து ஓரத்தில் சாக்கோடு குனிந்து நின்றான் என்றால் எதற்கு நின்றான்? அதற்கு முன்பு யார் யார் தோட்டத்திலோ காணாமல் போயிருந்த வாழைத்தார்கள் எல்லாம் ஒரே நாளில் அவன் தலையில் ஏறின. குளிருக்குப் போட்ட கொங்காணி, தார் திருடப் போட்ட சாக்காக மாறியது. நல்ல ஊர்தான் எங்களுடையது, ஆனால் செத்தவன் மேல் பழிபோடுவதற்கு அது ஒருநாளும் சோம்பல்பட்டதில்லை.

சீனித்தாய் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவர்களுக்குத் தண்ணீர் முறை. வாய்க்காலில் மடை திருப்பத்தான் போனார் என்று வாசல் வாசலாகச் சொன்னாள். கேட்டவர்கள் பாவப்பட்டுத் தலையாட்டினார்கள். புருசன் செத்த வீட்டுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை கொண்டுபோக வேண்டுமே, அதையும் தவசிதான் கொண்டுபோனான். வேறு யார் போவது? கொன்றவன் கையால் வந்த கோடியை அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அண்ணே, எத்தனை தடவை கூப்பிட்டே?”

“மூணு,” என்றான் தவசி.

“அவரு மூணாவது சத்தத்துக்குப் பேசாம இருக்கிற ஆளு இல்லை,” என்றாள் அவள். அதற்குப் பிறகு அவன் தெருப்பக்கம் அவள் கால் வைக்கவில்லை. அவள் மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், திருடன் வீட்டுப் பெண் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் அதன் பிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதையே விட்டுவிட்டாள்.

இப்படியிருக்கும்போதுதான் பன்றி வந்தது.

ஊர்த்தலைவர் முத்திருளாண்டி வந்து பார்த்தார். எண்பதைத் தாண்டிய மனிதர். உடைந்த கொம்பைப் பார்த்தார். விலாவில் அம்மை குத்திய தழும்பைப் போல ஒரு காய்ந்த வட்டம் இருந்ததைக் குனிந்து பார்த்தார். “இது இவன் தாத்தா முத முத சுட்ட பன்னி,” என்றார். “எங்கப்பா இதோட கறியை எத்தனை தடவை சொல்லிருப்பாரு. கொம்பு பாறையில பட்டு ஒடிஞ்சதையும் சொல்லுவாரு.” செத்துப்போனது வந்திருக்கிறது என்று ஊருக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் ஒரு நிம்மதி: செத்தது என்றால் தீனி போட வேண்டியதில்லை.

அடுத்த நாள் காலையில் இரண்டு கேளையாடுகள், நாய் போலக் குரைக்கிற சின்ன மான்கள், இருந்தன. அதற்குப் பிறகு ஒரு கடமான், கொம்பைத் தூக்கினால் பல்பில் இடிக்குமே என்று தலையைத் தாழ்த்தியபடியே. பிறகு பன்றிகள், முயல்கள், ஒரு கருமந்தி, ஊரைக் கடித்துக்கொண்டு திரிந்ததற்காகச் சுடப்பட்ட ஒரு வெறிநாய். அதற்கு இப்போது வெறியில்லை. முயலுக்குப் பக்கத்தில் வாலைச் சுருட்டிப் படுத்திருந்தது. அந்தத் துப்பாக்கி எந்த வரிசையில் எதையெதைச் சுட்டதோ அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றும் வந்தது. பூட்டைத் திறந்தால் புதிதாக ஒன்று இருக்கும். எதுவும் சத்தம் போடவில்லை, எதுவும் தின்னவில்லை, வாசற்படியைத் தாண்டி எதுவும் வெளியே வரவில்லை. அறையும் நிறையவில்லை. சவரிமுத்து டேப்பை வைத்து அளந்து பார்த்தார். அதே பத்துக்குப் பத்துதான், ஆனால் இன்னொன்றுக்கு எப்போதும் இடம் இருந்தது.

“எங்க போனாலும் எவனாவது சுட்டுருவான்னு பயந்த சீவனுங்க,” என்றார் சவரிமுத்து. “சுடுற துப்பாக்கியைச் சங்கிலி போட்டுக் கட்டி வச்ச எடம் உலகத்துல இது ஒண்ணுதான்னு அதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. வராம என்ன செய்யும்?”

அவருக்கே அங்கே ஒரு சொந்தம் வந்து சேர்ந்தது. அவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோது மஞ்சுக்குள் மேய்ந்து நின்ற அவர் வீட்டுச் செவலைப் பசுவைத் தவசியின் தாத்தா காட்டெருமை என்று நினைத்துச் சுட்டுவிட்டார்; முறைப்படி மூன்று தடவை கூப்பிட்டுத்தான் சுட்டார், மாடு எங்கே பதில் சொல்லும்? அந்தச் செவலை ஒரு காலையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது. சவரிமுத்து கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் நின்றார். அது அவர் கையை நக்கிப் பார்த்தது. அறுபது வயது மனிதர், ஊரே பார்க்க, “எங்கம்மா ஒன்னத் தேடிட்டே செத்துச்சு தாயி,” என்று அழுதார்.

ஊருக்குத்தான் பெரிய சங்கடம். வந்திருந்த மிருகங்களில் முக்கால்வாசியை நாங்கள் தின்றிருந்தோம். வேட்டை விழுந்தால் வீட்டுக்கு ஒரு பங்கு என்பது பழைய ஏற்பாடு. பங்கு வாங்காத வீடு ஊரில் இல்லை. தின்ற ஒன்று எதிரில் படுத்துக்கொண்டு நம்மை நிமிர்ந்து பார்த்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? முதலில் சிலர் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்கள். பிறகு முத்திருளாண்டி ஒரு வழி காட்டினார். அவர் கல்யாணத்துக்குச் சுட்ட கடமான்தான் அங்கே இருந்தது. ஒரு நாள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றார். “என் கல்யாணத்துக்கு வந்தே,” என்றார். “சரியாக் கவனிக்கலை. மனசுல வச்சுக்காதே.” கடமான் காதை ஒரு தடவை ஆட்டியது. அதற்குப் பிறகு வீட்டுக்கு ஒருவராக எல்லோரும் போனோம். எந்தப் பன்றியில் எந்த வீட்டுக்குப் பங்கு என்று கிழவர்கள் யோசித்து யோசித்துச் சொல்ல, அந்தந்த வீட்டார் அதற்கு முன்னால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தார்கள். அந்த வருசம் ஊரில் யாரும் கறி எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை.

மான் இருக்கிறதாமே என்று கேள்விப்பட்டுக் காட்டிலாகா காவலர் ஒருவர் வந்தார். மிரட்டிக்கொண்டுதான் வந்தார். உள்ளே போய்க் கேளையாட்டின் தழும்பில் விரல் வைத்துப் பார்த்தார். “செத்துப்போனதுக்கு இப்ப நான் என்ன கேஸ் போடுறது? உசுரோட இருக்கிறதையும் நீங்க ஒண்ணும் பண்ணலை,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. போகும்போது பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு போனார். கடன்காரனுக்குப் பயந்தவன், மாமியாருக்குப் பயந்தவள், பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகள், பிரசவத்துக்குப் பயந்த பெண் என்று யாராவது எந்நேரமும் அந்த மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள். ராக்கம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். பயம் என்பது அந்த வாசற்படியில் செருப்போடு சேர்ந்து கழன்று கிடந்தது.

ஆனால் தவசி ஒருத்தனுக்கு மட்டும் அது கழலவில்லை.

ஒரு காலையில் வந்த புதுப் பன்றியைப் பார்த்து ராக்கம்மா, “இது நீங்க சுட்டதுல்ல?” என்றாள். தாத்தா காலமும் அப்பா காலமும் முடிந்து வரிசை தவசியின் காலத்துக்கு வந்துவிட்டது. ஊர் அப்போதுதான் யோசித்தது. தவசி அதிகம் சுட்டவனில்லை. சில பன்றிகள். போன கார்த்திகையில் கிழங்கைத் தோண்டிய ஒரு முள்ளம்பன்றி. அதற்குப் பிறகு தை மாதம். அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி வெடிக்கவில்லை. முள்ளம்பன்றிக்கு அடுத்து யார் வர வேண்டும் என்பது தெருவில் விளையாடும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார வந்தவர்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள்.

தவசி சவரிமுத்துவைத் தேடிப் போனான். “அந்த ரூமை இடிச்சிரலாம்ண்ணே. நாளைக்கே ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

“இத்தனை சீவன் உள்ள இருக்கையில கடப்பாறையப் போடச் சொல்றியா? என் செவலை உள்ள நிக்கிது தவசி.”

“எனக்குப் பயமா இருக்குண்ணே.”

சவரிமுத்து அவனை ஏறிட்டுப் பார்த்தார். “மூணு தடவை கூப்பிட்டவனுக்கு என்னப்பா பயம்?” என்றார். தவசி திரும்பி நடந்தான்.

கடைசியில் துணிந்தவள் ராக்கம்மாதான். முள்ளம்பன்றி வந்த அன்று காலையில், யாரிடமும் சொல்லாமல் சீனித்தாய் வீட்டுக்குப் போனாள். சீனித்தாய் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“சீனி, இன்னைக்கோ நாளைக்கோ உங்க வீட்டுக்காரரு வந்துருவாருன்னு நெனைக்கிறேன்,” என்றாள் ராக்கம்மா. “வர வேணாம்னு சொல்ல நான் யாரு? ஆனா அவரு மூஞ்சியப் பாத்தா எங்க வீட்டு மனுசன் உசுரோட இருக்க மாட்டாரு போல இருக்கு. ராத்திரி பூரா அந்தக் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்காரு.”

“அதுக்கு நான் என்ன மதினி செய்யணும்?”

“வந்து பக்கத்துல இரு. ஒனக்கும் அவரு அண்ணந்தானே.”

சீனித்தாய் உரித்த காயை மூடி வைத்தாள். மகளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டாள். அத்தனை நாள் மிதிக்காத தெருவில் இருவரும் ராக்கம்மாவோடு நடந்து போனதை ஊர் முழுவதும் வாசலில் நின்று பார்த்தது.

அவள் நேராக அந்த அறைக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே சங்கிலியில் துப்பாக்கி நின்றது. அவள் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. காலடியில் படுத்திருந்த பன்றிகளையும் முயல்களையும் பார்த்தபடியே பகல் முழுவதும் இருந்தாள். மகள் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்; வெகு நாளைக்குப் பிறகு அந்தப் பெண் நன்றாகத் தூங்கியது அன்றுதான். தவசி வெளியே முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். நாங்கள் ஒவ்வொருவராக வந்து முற்றத்தில் நின்றோம். வேடிக்கை பார்க்க வந்தோம் என்று சொன்னால் அது பொய்யில்லை.

பொழுது சாய்ந்தது. பள்ளத்திலிருந்து மஞ்சு எழும்பி, தெருவை நிரப்பி, முற்றத்துக்கு வந்து, கூரையோரத்துக் கம்பிச் சந்தின் வழியாக அறைக்குள்ளும் இறங்கியது. பல்பு ஒரு மஞ்சள் கறையாகத் தெரிந்தது. கொஞ்சம் கழித்து மஞ்சு தரையோடு தணிந்தபோது, முள்ளம்பன்றிக்கு அப்பால், சுவரைப் பார்த்துக்கொண்டு, முதுகை வாசலுக்குக் காட்டிக் குனிந்தபடி ஒரு உருவம் இருந்தது. தலையிலிருந்து முதுகு வரை சாக்கு. நனைந்த சாக்கின் கருப்பும் குனிந்த முதுகும், மஞ்சுக்குள் அங்கிருந்து பார்த்தால் யாருக்கும் பன்றி என்றுதான் தோன்றும். அந்த மட்டில் தவசி மேல் குற்றமில்லை என்று நாங்கள் எல்லோரும் அப்போது மனதுக்குள் ஒப்புக்கொண்டோம்.

சீனித்தாய் எழுந்தாள். அந்த முதுகை அவள் எப்படிப் பார்த்தாள் என்பதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கையை நீட்டினால் தொடலாம், தொடவில்லை. வாயைத் திறந்து கூப்பிடவும் இல்லை. புருசன் பேரைச் சொல்லிப் பழகாதவள் அவள். இத்தனை வருசமும் அவனை அவள் கூப்பிட்ட பேர் ‘இந்தாங்க’ என்பதுதான்; மஞ்சுக்குள் அப்படிக் கூப்பிட்டால் எந்தப் புருசன் வேண்டுமானாலும் திரும்பலாம். அவள் மகளைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவந்து வாசற்படிக்கு ஒரு பக்கமாக நின்றாள்.

“அண்ணே, வா,” என்றாள். “நீ கூப்பிடு. அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டியோ அதே மாதிரி கூப்பிடு. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்.”

தவசி எழுந்து வந்து வாசற்படியில் நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டான்.

“யாரது… ஆளா?”

பதில் இல்லை. உருவம் அசையவில்லை. எங்கள் ஊரில் யார்தான் அசைவார்கள்? எதிர்ப்பாறை அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பித் தந்தது. இரண்டாவது தடவை அவன் கூப்பிடுவதற்காக நாங்கள் காத்து நின்றோம். அவன் கூப்பிடவில்லை. அவனுடைய இடது கை தானாக முன்னால் நீண்டது. வலது கை தோளுக்கு ஏறியது. ஒன்றும் இல்லாத இடத்தில் கன்னம் சாய்ந்தது, ஒரு கண் மூடியது, ஆள்காட்டி விரல் மடங்கியது. உடம்பு அன்றைக்குச் செய்ததை அப்படியே செய்தது. அதற்குக் கூட்டவும் குறைக்கவும் தெரியவில்லை. பிறகு அவன் தன் கைகளைப் பார்த்தான். யாரோ வேறொருத்தர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

“அவ்வளவுதானாண்ணே?” என்றாள் சீனித்தாய்.

தவசி வாசற்படியில் சரிந்து உட்கார்ந்தான். “அவ்வளவுதான் தங்கச்சி,” என்றான். “ஒரு தடவைதான். இன்னொரு சத்தம் குடுத்தா பன்னி ஓடிருமேன்னு… தோட்டம் பூராம் போச்சு, இதையும் விட்டுரக்கூடாதுன்னு நெனச்சுட்டேன். ஸ்டேஷன்ல கேக்கவும் வாயில மூணுன்னு வந்துருச்சு. வந்தது வந்ததுதான், அப்புறம் என்னால முழுங்க முடியலை.”

முத்திருளாண்டி தலையைக் குனிந்துகொண்டார். சவரிமுத்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ராக்கம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். சீனித்தாய் அவனை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் குனிந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, குரலில் மட்டும் அழுகை இல்லை.

“எந்திரிண்ணே. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. கூப்பிடு.”

அவன் நின்றான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டான். “யாரது… ஆளா?”

பதில் இல்லை. பாறை மட்டும் சொன்னது. அது அடங்கும் வரை சீனித்தாய் கையைக் காட்டி அவனை நிறுத்தி வைத்தாள். பிறகு கையை இறக்கினாள். தவசி மூன்றாவது தடவை கூப்பிட்டான். அது கூப்பிட்டதா கதறியதா என்று எங்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சாக்கு அசைந்தது. அதற்குள்ளிருந்து, எங்கள் எல்லோருக்கும் பழகிய குரலில், கொஞ்சமும் தயங்காமல் பதில் வந்தது.

“ஆளுதான் மச்சான். மடை திருப்ப வந்தேன்.”

சீனித்தாய் முற்றத்தில் நின்ற எங்கள் பக்கம் திரும்பினாள்.

“எல்லாருக்கும் கேட்டுச்சா?” என்றாள்.